தராசில் ஏறிய அல்ஜீப்ரா

ஆம்பூர், 1934

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு மகள் டோரதியின் வணக்கம். அப்பாவின் இருமல் தணிந்ததா? கர்த்தர் கிருபையால் நான் சுகம்.

பெண்பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா ஏறாது, இன்ஸ்பெக்டர் வந்து போனதும் நிறுத்திவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தியிருந்தால் என் வேலையும் போயிருக்கும். நான் தோல் மண்டியில் ஒரு தராசை இரவல் வாங்கினேன். ஒரு தட்டில் புளியங்கொட்டை போட்டுக் கட்டிய பையும் சில கொட்டைகளும், மறு தட்டில் அதற்குச் சமமாக நிற்கும்படி வெறும் கொட்டைகளும் வைத்தேன். பையைத் திறக்காமல் உள்ளே எத்தனை என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் இரண்டு தட்டிலிருந்தும் கொட்டைகளைச் சமமாக எடுத்து எடுத்துப் பையைத் தனியாக்கினார்கள். பிறகுதான் அதைப் பலகையில் கணக்காக எழுதினோம்.

நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். "எக்ஸ் என்றால் என்ன?" என்று கேட்டார். வகுப்பில் வாயே திறக்காத செண்பகம் எழுந்து அவருடைய கோட்டுப் பையைக் காட்டினாள்.

"அதுல இன்னா இருக்குதுன்னு தெரியாதுங்க ஐயா. தொறக்காமலே கண்டுபுடிக்கணும். அதான் எக்ஸு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கடினமான கணக்கு ஒன்று கொடுத்தார். அதையும் போட்டுவிட்டாள். அல்ஜீப்ரா நிற்காது, அப்பா!

இங்கே நம்மூர்க் கருப்பட்டி கிடைப்பதில்லை, கொஞ்சம் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

டோரதி