ஊராட்சித் தலைவரின் சாட்சிகள்

ஹௌக்லி, நார்வே
7 ஜூலை 1946

அன்புள்ள தோர்கெய்ருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். கைதி முகாமில் வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறதே. இங்கே புல் அறுக்க ஆளில்லை. ஜெர்மானியர் நம் நாட்டைப் பிடித்திருந்தபோது பேருந்தில் அவர்கள் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டு வந்த சனம், இன்று என் பக்கத்தில் உட்காராமல் நிற்கிறது.

அரசு வக்கீலின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தால் என்ன? ஜெர்மானியர் வளர்த்த கட்சியில் சேர்ந்து ஊராட்சித் தலைவராக இருந்தேன் என்று ஒப்புக்கொண்டால் பத்து வருடம் ஓட்டு இல்லை, அவ்வளவுதான். விசாரணை இல்லாமல் அடுத்த வாரமே வீட்டுக்கு வரலாம். வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

உங்கள் மனைவி,
குட்வெய்க்

முகாம்
15 ஜூலை

அன்பு குட்வெய்க்,

கையெழுத்துப் போட்டால் துரோகி என்று நானே எழுதிக்கொடுத்ததாகிவிடும். ஊரைக் காப்பாற்றத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டைச் சோதனை போட ஜெர்மானியர் வருகிறார்கள் என்று நம் ஊர் ஸ்வெர்ரேவுக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பியது யார்? அவனைப் போய்ப் பார். சாட்சி சொல்வான்.

ஆசிரியர் துவெய்த்தோவை நான் காட்டிக்கொடுத்ததாக ஊர் பேசுகிறதல்லவா, அந்தப் பழியையும் நீதிமன்றத்தில் துடைக்கிறேன். கைது செய்யவேண்டியவர்களின் பட்டியல் மேலிடத்திலிருந்து வந்தது. நான் ஒப்பம் மட்டும்தான் வைத்தேன்.

தோர்கெய்ர்

ஹௌக்லி
29 ஜூலை

அன்புள்ள தோர்கெய்ருக்கு,

ஸ்வெர்ரேவைப் பார்த்தேன். "அவரு சொல்லியனுப்பலேன்னா நான் செத்திருப்பேன் அக்கா. ஆனா கோர்ட்டுல அதச் சொல்லிட்டு இந்த ஊர்ல எப்படி இருக்கிறது?" என்றான். ஐந்து வருடம் ஜெர்மானியருக்கு முட்டை விற்ற கடைக்கார ஆர்னே, இப்போது சட்டையில் கொடி குத்திக்கொண்டு எனக்குக் காபி இல்லை என்கிறான். பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் மேல் அதைவிடக் கோபம். ஜெர்மானியர் சொன்ன பாடத்தை நடத்தமாட்டேன் என்றார் துவெய்த்தோ. நம் சமையலறையில் உட்கார்ந்துதானே பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தீர்கள்? முழுப்பெயர் என்ன என்று என்னைக் கேட்டீர்கள். நானும் சொன்னேன். நாற்பத்திரண்டில் கட்டாய வேலைக்கு வடக்கே கொண்டுபோன மனிதர் திரும்பவேயில்லை.

கையெழுத்துப் போடுங்கள். என்னைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

குட்வெய்க்

முகாம்
12 ஆகஸ்ட்

அன்பு குட்வெய்க்,

செப்டம்பர் இரண்டாம் தேதி விசாரணை. சாட்சியாக உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பழசையெல்லாம் கிளறாதே. மனைவி சொன்னால் நீதிபதி நம்புவார். கறுப்பு உடை போட்டுக்கொண்டு வா.

தோர்கெய்ர்

ஹௌக்லி
3 செப்டம்பர்

தோர்கெய்ர்,

ஸ்வெர்ரே சொல்லத் துணியாததை நேற்று நீதிமன்றத்தில் உங்கள் முன்னாலேயே நான் சொன்னேன். அவன் உயிர் உங்களால் பிழைத்தது உண்மை. பட்டியலையும் சொன்னேன். முழுப்பெயரை எடுத்துக்கொடுத்தது நான் என்பதையும் சொன்னேன்.

வெளியே ஆர்னே கைகுலுக்க வந்தான். நாட்டுக்கு நல்லது செய்தேனாம். கையை உதறிவிட்டு நடந்தேன்.

நீதிமன்ற வாசலில் துவெய்த்தோவின் மனைவி நின்றிருந்தாள். "நாலு வருஷமா ஒனக்குத் தெரியும், இல்ல?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். உங்களுக்கு எழுத இனி எதுவும் இல்லை.

குட்வெய்க்