ஓர் ஆள் குறைந்த மூலை

அன்புள்ள டெல்மருக்கு,

இருமல் எப்படி இருக்கிறது? மருந்தை வண்டியிலேயே மறந்து வைத்துவிடாதீர்கள். நான் சுகம்தான், திங்கட்கிழமை நின்றதில் முழங்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த ஐயோவாவில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுச் சீட்டு கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். ஆள் போதாத மூலையைக் கலைத்துவிடுவார்கள். நம் மாநிலத்து செனட்டர் ஹோல்பர்ட்டின் மூலையில் ஒரே ஓர் ஆள் குறைந்தது. நான் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்றேன்.

அவருக்கு ஆள் சேர்க்கும் ஒருத்தி கேக்கோடு ஓடிவந்தாள். "வாங்கம்மா, உங்க ஊர்க்காரர்தானே!"

"எங்க ஊர் ஆஸ்பத்திரிய மூட விடமாட்டேன்னு சொன்ன வாய்தானே அது?"

"அப்படிச் சொல்லவே இல்லன்னு நேத்து டிவியில விளக்கம் குடுத்துட்டாரேம்மா."

"விளக்கமா? என் புருஷன் தோள்ல கையப் போட்டுக்கிட்டுச் சொன்னாரு. பல்லிடுக்குல எங்க வீட்டுச் சோள ரொட்டி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதுக்கும் விளக்கம் கேட்டுட்டு வா!"

நான் நகரவில்லை. மூலையைக் கலைத்தார்கள். கேக்கை நான்தான் தின்றேன். அதுவும் சரியாக வேகவில்லை.

ஆஸ்பத்திரி இருந்திருந்தால் அதன் சமையலறையிலேயே இருந்திருப்பேன். இங்கே முதியோர் இல்லத்தில் யார் யாருக்கோ கஞ்சி காய்ச்சுகிறேன்.

குளிர் தாங்கவில்லை. உங்கள் கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். அந்த ஆள் கைபட்ட சிவப்புச் சட்டை வேண்டாம், பச்சையை அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்புங்கள்.

அடுப்பில் கஞ்சி பொங்குகிறது, ஓடுகிறேன்.

உங்கள்
வெர்னா