ஒரே மிதி

பாவா,

இன்று காலை திருத்தணி மலைமேல் உங்கள் தட்டைப் பார்த்தேன்.

கோயில் முன்னால் ஒரு புதுக் காருக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. இப்போது பட்டணத்திலிருந்து நாலைந்து வரத் தொடங்கியிருக்கிறது, தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் விபூதிப் பட்டை, மூக்கெல்லாம் சந்தனம். பொட்டு வைக்கக் குனிந்த கார்க்காரர் வீட்டம்மாள், முன்சக்கரத்து ஓட்டைக்குள் என்னவோ பளபளக்கிறதே என்று விரலை நுழைத்து அதற்கும் ஒரு குங்குமம் வைத்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தேன். இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கவ்வி. தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்புகிறார்கள், பாவா. ஒரு மழைக்காலம் முழுக்க நீங்களும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டதை இப்போது கேட்காமலே கொடுக்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த நேரம் பார்த்து மலையிறங்கிய பேருந்து ஒன்று கருகிய பிரேக் லைனிங் நாற்றத்தை விட்டுப் போனது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த நாற்றம் அது. படியோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு அரக்கோணம் சாலையில் மெக்கானிக் கடை போட்டீர்கள். அதற்கு ஒட்டினாற்போல் என் லேத் பட்டறை. ஒரே சுவர், நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் உங்கள் குரல் வரும்: "மச்சான், இத்த கொஞ்சம் கடைஞ்சு குடு." கொஞ்சம் என்றால் அன்றைய என் பிழைப்பு போயிற்று என்று அர்த்தம். எனக்கு வாய் நீளம், திட்டிக்கொண்டேதான் செய்வேன். திட்டு உங்களுக்கு வானொலிப் பாட்டு மாதிரி, காதில் விழும், உள்ளே போகாது.

உங்களுக்கென்று ஒரு கார் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். அரக்கோணம் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியத் துரை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, இனி இதை யார் கட்டி மேய்ப்பது என்று உங்களிடம் விட்டுப் போனார். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. தரையோடு தரையாக இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் ரோட்டில் போகிற ஆட்டைக் கண்ணுக்குக் கண் பார்க்கலாம். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, தொட்டில்ல சக்கரம் மாட்டிகினு வந்துகிறீங்க?" என்றாள். நீங்கள் அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற கார்ப் பந்தயத்தை வருடா வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் நீங்கள். இனி வேலிக்கு உள்ளே போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டி அதைப் பறக்க வைத்தாயிற்று. ஆனால் நிறுத்துவதற்கு?

நம் ஊர் பிரேக்குகளின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா. முதல் மிதிக்கு ஒன்றும் நடக்காது. விட்டு மறுபடி மிதித்தால் வண்டிக்குக் காது கேட்கும். மூன்றாவது மிதிக்குத்தான் பிடிக்கும். லாரி, பஸ், வாடகைக் கார் எல்லாம் ஒரே ஜாதி. மிதி, மிதி, பிடி. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்து, எரிந்து, அணைந்து, கடைசியில் நிலையாக எரியும். ஓட்டப் பழகுகிறவனுக்கே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். துரை விட்டுப் போன வண்டியும் மலையிலிருந்து ஒரு தரம் இறங்கினால் சக்கரத்துக்குள் பிரேக் டிரம் சூடாகிப் புகை கக்கும். அப்புறம் நாலு மிதிக்கும் பிடிக்காது.

"ஓடறதுக்கு எஞ்சின் இருக்குது மச்சான், நிக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்ல. நிக்கத் தெரிஞ்சவன்தான் பயமில்லாம வேகமா போவான்" என்றீர்கள். மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், அடிபட்டுக் கிடந்த வெளிநாட்டுக் காரிலிருந்து இரண்டு தட்டுகளையும் கவ்விகளையும் கழற்றிக்கொண்டு, சாக்கில் சுற்றி ரயிலில் வந்து இறங்கினீர்கள். முன்சக்கரத்து டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு இதை உட்கார வைக்க வேண்டும். அந்தக் காரின் அச்சு வேறு, இந்தக் காரின் அச்சு வேறு. நடுவில் பாலம் போடுகிற இரும்புத் துண்டுகளைக் கடைய வேண்டியது என் தலையெழுத்து. நான் கடைந்து கொடுப்பேன், நீங்கள் மாட்டிச் சுற்றிப் பார்ப்பீர்கள். "மயிரிழை ஆடுது. வேற பண்ணு." உங்கள் மயிரிழையில் இடி விழ என்று கத்துவேன். வேறு கடைவேன். அந்த இரும்பில் என் கோபம் முழுக்க இருக்கிறது, பாவா. அதனால்தான் அது அசையவே இல்லை.

எல்லாம் பூட்டியபின் பிரேக் எண்ணெய்க் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். எனக்குப் பட்டறையில் வேலை. நீங்கள் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். புடவையைச் செருகிக்கொண்டு, ஸ்டியரிங்கைச் சோற்றுப்பானை மாதிரிக் கட்டிப்பிடித்து அவள் உட்கார்ந்திருந்த கோலம்! கீழேயிருந்து நீங்கள், "மிதி... மிதி... புடி!" மேலேயிருந்து அவள், "ஆங், புடிச்சுகினு இருக்கேன், சீக்கிரம்ங்க, கால் நோவுது." சுவர் ஓட்டை வழியாக அன்று மத்தியானமெல்லாம் எனக்கு அதுதான் கேட்டது. அவள் சிரிப்பும் கேட்டது.

கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மலையிலிருந்து இறக்கினீர்கள். வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு மிதி. வண்டி நின்றது. நான் நிற்கவில்லை, முகம் போய் முன்பலகையில் மோதி உதடு கிழிந்தது. "பாத்தியா மச்சான்? ஒரே மிதி!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே உங்கள் பரம்பரையைத் திட்டினேன். நீங்கள் தட்டைத் தொட்டுப் பார்த்துச் சூட்டில் விரலை உதறிக்கொண்டு சிரித்தீர்கள். புகை இல்லை, நாற்றம் இல்லை.

அதன்பின் டீக்கடையில் உங்களைக் கையில் பிடிக்க முடிந்ததா? வருகிற டிரைவர் போகிற டிரைவரையெல்லாம் வண்டியில் உட்கார வைத்து ஒரே மிதியில் நிறுத்திக் காட்டினீர்கள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் டிரைவர், அந்தப் பெரிய மீசைக்காரர், இறங்கித் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எங்க பிரேக்கு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் புடிக்கும்பா. உன்னுது சொல்லாம கொள்ளாம புடிக்குது." கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

புதுசாக மாட்டிய தட்டும் கவ்வியும் ஒன்றோடொன்று படிய வேண்டும், அதற்கு வேகமாகப் போய்ப் போய் நிறுத்த வேண்டும் என்று ஒரு நாள் காலையில் பொதட்டூர்பேட்டை சாலைப் பக்கம் கிளம்பினீர்கள். பந்தயம் நெருங்கிவிட்டிருந்தது. "வரியா?" என்று ஓட்டை வழியாகக் கேட்டீர்கள். உதடு இன்னும் ஆறவில்லை, நீங்களே போய் மோதிக்கொள்ளுங்கள் என்றேன். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை, பாவா. அதைத் திரும்பப் பிடிக்க ஒரு பிரேக்கும் இல்லை.

பொதட்டூர்பேட்டைக்குள் நுழைகிற இடத்தில் நெசவுக்காரர்கள் தெருவோரமாகப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலையெல்லாம் நீளமாக விரித்துக் கஞ்சி போடுகிற வேலை. ஒரு பெண் இழைகளைச் சரிபார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, தன்னையறியாமல் சாலைக்கு வந்துவிட்டாள். வளைவு திரும்பியவுடன் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரே மிதி. வண்டி அவளுக்கு ஒரு முழம் இந்தப்பக்கம் நின்றது. உங்கள் பின்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. அது நிற்கவில்லை. அதன் முன்பக்க இரும்புச் சட்டமும் அந்தத் தொட்டிலில் உட்கார்ந்திருந்த உங்கள் முதுகும் ஒரே உயரம். இதற்குமேல் எழுத மாட்டேன்.

நான் ஓடிப்போனபோது உங்களை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வண்டி ஓரத்தில் கிடந்தது. பின்பாதி வண்டியாகவே இல்லை. முன்சக்கரம் இரண்டும் நேராக இருந்தன. படுத்துக்கொண்டு பார்த்தேன். தட்டு முழுசாக இருந்தது, கவ்வி முழுசாக இருந்தது, நான் கடைந்த துண்டில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கம் பாவில் ஒரு இழைகூட அறுபடாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? அன்று சாயங்காலத்துக்குள் திருத்தணி முழுக்க ஒரே பேச்சு. "தானே பிரேக் செஞ்சு மாட்டினானாம், அது புடிக்கலியாம்." உங்களிடம் வண்டி விட்ட அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். அத்தனை பேர் பிரேக்கையும் பழுதுபார்த்த கை உங்கள் கை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீக்கடையைக் கொளுத்தியிருப்பேன். அதைவிட மோசம், அக்கா அதை நம்பிவிட்டாள். "டேய், நீ கடைஞ்ச இரும்பு வுட்டுடுச்சா?" என்று ஒரு தரம் கேட்டாள். இல்லைக்கா, சாமி சத்தியமாக இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரியம் வரைக்கும் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. புருஷனைக் கொன்றது தம்பி செய்த சாமான் என்று அவள் சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தால் நான் எங்கே போவேன்?

காரியத்தன்று அந்த லாரி டிரைவர் வந்தான். பந்தலுக்கு வெளியே, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். அடிக்க எழுந்தவர்களை அக்காதான் கையைக் காட்டி உட்கார வைத்தாள். அவனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "பிரேக் புடிச்சுதா, புடிக்கலியா?"

"புடிச்சுதும்மா. அந்த மாதிரி புடிச்சு நான் பாத்ததே இல்ல." அவனுக்கு வாய் கோணியது. "சிவப்பு லைட்டு எரிஞ்சுதும்மா. பாத்தேன். மொத மிதிதானே, இன்னும் ரெண்டு மிதி இருக்குதுன்னு நெனச்சேன். நானும் மொத மிதிதான் மிதிச்சேன். அதுக்குள்ள அவரு நின்னுட்டாரு."

பந்தலில் இருந்த டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. நம் ஊரில் எல்லார் பிரேக்கும் ஒரே அளவுக்குக் கெட்டுக் கிடந்தது, அந்தக் கேட்டை நம்பித்தான் ஒருவர் பின்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தோம். அதில் நீங்கள் மட்டும் நல்ல பிரேக் வைத்துக்கொண்டீர்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். என் முகத்தை அன்றுதான் பார்த்தாள். இனி நிம்மதி என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "புடிக்காமப் போயிருக்கக்கூடாதாடா?"

பிடிக்காமல் போயிருந்தால் அந்தப் பெண் செத்திருப்பாள். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். அவளை என்னால் கோபிக்கவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டோடு இருக்கிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள். பொதட்டூர்பேட்டைத் துணியை மட்டும் உடம்பில் போடுவதில்லை. உங்கள் கடையில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். சுவர் ஓட்டையை நான் அடைக்கவில்லை.

இன்று காலை அந்த வெள்ளைக் கார்க்காரர், இளவயது, மலையேறி வந்ததிலேயே வெலவெலத்துப் போயிருந்தார். நான் படியோரம் உட்கார்ந்து அவருடைய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "வண்டி ஓட்டுவீங்களாண்ணே? கீழ எறக்கிக் குடுங்களேன்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் என் உதட்டைக் கிழித்த அதே வளைவு வந்தது. பெடலைத் தொட்டேன், விட்டேன். தொட்டேன், விட்டேன். அப்புறம் மிதித்தேன்.

"எதுக்குண்ணே சும்மா சும்மா தட்டறீங்க? இது ஒரே மிதியில நிக்குமே."

"தெரியும்பா. பின்னால வர்றவனுக்குத் தெரியாதில்ல."

எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன் பாவா, கால் இதை மட்டும் மறக்கவில்லை. முதல் இரண்டு மிதி வண்டியை நிறுத்த அல்ல. இன்றும் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு பேருந்து, ஆள் பிதுங்க, லைனிங் நாற்றத்தோடு வந்துகொண்டிருந்தது. மிதித்தது, மிதித்தது. அப்புறம் அதுவும் நின்றது, பாவா.