குளிருகிறது என்று எழுதியிருந்தாய்

அன்பு மகள் சிக்ரூனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது, அம்மாவின் முழங்கால் வழக்கம்போல முனகுகிறது. உன் சுகத்தை இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை. உன் கடிதத்தில் இங்கே குளிருகிறது என்று ஒரே வரிதான் இருந்தது, கீழே பெயர் இல்லை. பூமிக்கு அந்தப் பக்கம், வெலிங்டன்ல இப்போ கோடையாச்சே, ஏதோ அவசரத்துல எழுதியிருப்பா, விடுங்க என்கிறாள் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே உன் நாடக வகுப்பிலும் நம் தீவு நாடகத்தையே போடுவதாகவும், கடலில் மூழ்கிய பெண்ணின் வேடத்தை நீயே நடித்துக் காட்டுவதாகவும் முன்பு எழுதியிருந்தாய். அதனால் போன வாரம் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் அந்த வேடம் யோரிட்டுக்கு, மீன்காரர் மகள், வாய் ஓயாதவள். எனக்குக் காய்ச்சல் என்று பியானோ வாசிக்கும் ஓசே என் நாடக வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். காற்று வலுத்ததால் கடைசிப் படகு முன்னதாகவே ஊதிவிட, ஓடுங்க ஓடுங்க, படகு போயிடும் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டாள். நாம் எப்போதும் முடிக்கிற மாதிரி வட்டமாக நிற்கவில்லை, வேடத்தின் காலணியைக் கழற்றவில்லை, அவரவர் பெயரைச் சொல்லி மற்றவர்கள் திருப்பிக் கூப்பிடவும் இல்லை. யோரிட் மூழ்கிய பெண்ணின் காலணியோடேயே வீட்டுக்குப் போய்விட்டாள். ஓசேயைக் குறை சொல்லமாட்டேன், காற்று அப்படி.

யோரிட்டின் அம்மா போனில் அழுதாள். பேர் சொல்லிக் கூப்பிட்டா வேற யாரையோ கூப்பிடுற மாதிரி பாக்குறா, வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே கதவைத் திறங்க, குளிருதுங்கிறா என்றாள். உடம்பில் ஒன்றுமில்லை என்றாராம் டாக்டர். காலணியைக் கழற்ற விடவில்லையாம், அது காயவும் இல்லையாம்.

எல்லாப் பிள்ளைகளையும் வகுப்புக்கு வரச் சொன்னேன். யாரும் சிரிக்கக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது என்பது நம் பழைய சட்டம். எனக்கு ஹோக்கன் மேல்தான் பயம், எழவு வீட்டிலும் கேலி பேசுகிறவன். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். யோரிட் முறை வந்தபோது அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் காலடியில் தரை ஈரமாகிக்கொண்டே வந்தது. ஹோக்கன் அவள் முன் மண்டியிட்டு, கழட்டட்டுமா யோரிட் என்று கேட்டான். அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனும் தொடவில்லை, காத்திருந்தான். கடைசியில், பழுப்பு சீஸ் ரொட்டியில பாதி தரேன், வந்துடு, என்னைத் திட்ட ஆளே இல்ல என்றான். முழுசா குடுத்தா வரேன், கஞ்சப் பயலே என்றாள் அவள், தன் சொந்தக் குரலில். காலை நீட்டினாள். எல்லோரும் சேர்ந்து அவள் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலணி இப்போது நம் வீட்டு அடுப்போரம் இருக்கிறது, இன்னும் காயவில்லை. சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன், காலையில் கதவைப் பார்த்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

உன் வகுப்புப் பிள்ளைகளை நீ பத்திரமாகப் பார்த்துக்கொள்வாய், சந்தேகமில்லை. உன்னை யாரம்மா திருப்பிக் கூப்பிடுகிறார்கள்? வட்டத்தில் நீயும் நில், உன் பெயரையும் அவர்கள் கூப்பிடட்டும். கம்பளிக் காலுறை அனுப்புகிறேன், கோடையானாலும் போட்டுக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணே. பதில் ஒரு வரி போதும், கீழே உன் பெயரை மட்டும் உன் கையால் எழுது. அது வரும்வரை நான் தினமும் கதவைத் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருப்பேன், சிக்ரூன், சிக்ரூன் என்று.

உன் அப்பா,
தூர்லைஃப்