உள்வடம்

மக்கா,

இன்று தேர்க் கமிட்டித் தலைவர் கூப்பிட்டுவிட்டதால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், படிக்கல்லில் செதுக்கிய ஒரு கிளி. தெற்குமுக்குக் கல்மண்டபத்துத் தூணில் இருந்த அதே கிளி. மூக்கு தேய்ந்துவிட்டது. போகிறவன் வருகிறவனெல்லாம் அதன்மேல் சகதியைத் துடைக்கிறான்.

எத்தனை தலைமுறையாக நின்ற மண்டபம்! தைத்தேர் அன்று ஜனம் மோர் குடித்து இளைப்பாறியது அங்கேதான். வருஷாவருஷம் தேர் அந்த முக்கில் திரும்பும்போது தூணில் உரசும். மண்டபம்தான் இடைஞ்சல் என்றது ஊர். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற நீ மட்டும்தான் காரணத்தைச் சொன்னாய். முக்கு வந்ததும் வெளிவடத்தை இழுக்க வேண்டும், திருப்பத்தின் உள்பக்கம் இருக்கிற உள்வடத்தைத் தரையில் விட்டுவிட வேண்டும்; தேர் தூணில் உரசாமல் திரும்பும். அவ்வளவுதான். ஆனால் உள்வடம் பெரிய வீட்டுக்காரர்களின் உரிமையாயிற்றே! கீழே போட்டால் மரியாதை போய்விடுமாம். வெள்ளைக்காரன் போனான், ராஜா போனார், இந்தப் பாழாய்ப்போன மரியாதை மட்டும் போகவில்லை.

நாலு வருஷத்துக்கு முந்தி தேர் மோதித் தூணில் சில்லு தெறித்தபோது, சக்கரத்தடியிலிருந்து தலைவரைப் பார்த்துக் கத்தினாய்.

"வடத்த விடும்வே! விடும்ங்கேன்லா!"

"யாரப் பாத்துலே விடச் சொல்லுக?" என்று அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மறுநாளே உன் கையிலிருந்து முட்டுக்கட்டையைப் பிடுங்கினார்கள். மாசிக்குள் மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள். "தேரு முட்டினது தூணுலயா மக்கா? இவனுவளுக்க மரியாதயிலயாக்கும்," என்றாய். பிறகு தேர்நாளில் நீ வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. போன தையில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "தேரு திரும்பிச்சா?" என்றுதான் கேட்டாய். மண்டபமே இல்லாத முக்கிலும் உள்வடத்தை விடாமல் இழுத்து, தேரை ஓடைக்குள் இறக்கிவிட்டார்கள். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. "திரும்பிச்சு" என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

உனக்குத் தெரிந்தும் நீ கண்ணை மூடும்வரை கேட்காத ஒன்று உண்டு. நீ கத்திய அன்று தலைவருக்குப் பின்னால் உள்வடத்தில் நானும் நின்றேன். பெரிய வீட்டில் பெண்ணெடுத்ததால் கிடைத்த இடம். நீ கத்தியது நன்றாகவே காதில் விழுந்தது. நானும் விடவில்லை. மற்றவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இன்று தலைவர் வெற்றிலையை நீட்டிச் சொன்னார். "தேருக்கு வந்திரும். உள்வடத்துல உமக்க எடம் அப்பிடியே கெடக்கு."

"நான் வெளிவடத்துல நிக்கேன்."

"அங்க கண்டவனும்லா இழுப்பான்?"

"ஆமா. அவனுவதான் தேரத் திருப்புகவனுவ."

அவர் முகம் கறுத்தது. நான் கிளிமேல் கால் படாமல் படியைத் தாண்டி இறங்கி வந்துவிட்டேன்.

வழியெல்லாம் என்மேல்தான் ஆத்திரம். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் கிளி தூணில் இருந்திருக்கும், முட்டுக்கட்டை உன் கையில் இருந்திருக்கும். அன்று நான் விடாத வடம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை மக்கா.