ஓணத் தள்ளுபடியில் ஒன்பது கஜம்

ஆவணி 6, செவ்வாய்

காலையிலிருந்து மழை. விட்டுவிட்டு. போட்ட அப்பளம் காயவில்லை, துணியும் காயவில்லை. இன்று அத்தம், ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் நாள். எதிர்வீட்டு வாசலில் பூக்களம், பாதி பூ சாக்கடையில்.

இவர் மிளகுக் கிடங்கிலிருந்து வரும்போதே கையில் ஒரு நோட்டீஸ். முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"கேட்டியா? பஜார்ல ஓணக் கிழிவு தொடங்கியாச்சு. தீபாவளித் துணி எல்லாம் இப்பவே எடுத்துடலாம்."

கிழிவு என்றால் இங்கே தள்ளுபடி. இந்த ஊரில் நம்மவர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதிதான் இது. கடைக்காரன் ஓணத்துக்குத்தான் விலையைக் குறைப்பான். நம் தீபாவளி அவனுக்கு வெறும் ஐப்பசி மழை. அதனால் ஆவணியில் வாங்கிப் பெட்டியில் பூட்டி, அந்துருண்டை வாசனையோடு ஐப்பசியில் கட்டிக்கொள்வோம்.

மற்ற வருஷமானால் போகிறது என்று விடுவேன். இந்த வருஷம் கமலாவுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு வேஷ்டி, கமலாவுக்குப் பட்டு, சம்பந்தி மாமிக்கு ஒன்பது கஜம். (சம்பந்தி மாமி என்று ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதக் கை வரவில்லை. இனி ச.மா.)

வைகாசியில் கல்யாணம். அன்றிலிருந்து கமலா இந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நாள். ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவது ஊர் உலகத்து வழக்கம். இவர் சம்பந்தி வீட்டுக்கு, திருப்பூணித்துறைக்குப் போய் நின்றார். ச.மா. வாசற்படியிலேயே, "இங்க வேலை கெடக்கு. தலைதீபாவளிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். காப்பிகூட இல்லை.

என்ன குற்றம் செய்தோம்? சீரில் குறையா? பட்சணத்தில் குறையா? வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். தலைதீபாவளியிலும் ஏதாவது ஏடாகூடம் ஆனால் என் பெண்ணை என்றைக்குப் பார்ப்பேன்?

ஆவணி 9, வெள்ளி

போனோம். கடை வாசலில் இடியும் மிதியும். குடைத்தண்ணீர் எல்லாம் என் முதுகில். ஒன்பது கஜம் வைத்திருப்பது கொச்சி முழுக்கத் தேடினாலும் இந்த ஒரு கடைதான், அந்தத் திமிர் அவர்களுக்கு.

தேங்காய்ப்பூ நிறத்தில் அரக்குக் கரை. பார்க்க நன்றாகவே இருந்தது. மடிப்பின் மேல் காகிதப்பட்டை, அதில் 8 என்று முத்திரை.

"எட்டா? எங்களுக்கு ஒம்பதுன்னா வேணும்?"

"அம்மியாரே, இது எட்டு மீட்டர் ஆணு. கஜம் ஒக்கே சர்க்கார் எடுத்துக் களஞ்ஞில்லே? எட்டு மீட்டர்னு பறஞ்ஞால் பழைய ஒம்பது கஜம் தன்னே."

கஜத்தைச் சர்க்கார் ஒழித்துவிட்டதாம், எட்டு மீட்டர்தான் பழைய ஒன்பது கஜமாம், கடைப்பையன் சொல்கிறான். பிரித்துக் காட்டு என்றேன். கூட்டத்தைக் கண்ணால் காட்டி, "திரக்கு கண்டில்லே?" என்றான். நானே பட்டையைப் பிய்க்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"நாலு பேர் பார்க்கறா. கடைவீதியில நின்னு முழம் போடுவியா? மானத்தை வாங்காதே. எங்க முதலாளியே இங்கதான் எடுக்கறார்."

வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருஷமாக மூடிப் பழகிய வாய்.

மாப்பிள்ளை வேஷ்டி நல்லது. பத்து முழம், நானே கண்ணால் அளந்தேன். திரும்பும்போது நேந்திரங்காய். ஓணம் என்றதும் காய் விலைக்குக்கூடக் கொம்பு முளைத்துவிடுகிறது.

ஆவணி 10, சனி

மழை இல்லை. மனசு சரியில்லை.

மத்தியானம் இவர் தூங்கின பிறகு புடவையைப் பிரித்துக் கூடத்தில் போட்டு அளந்தேன். பதினாறு முழம். மறுபடி அளந்தேன். பதினாறு. கையை நன்றாக நீட்டி, மூச்சைப் பிடித்து மறுபடி. பதினாறேதான். ஒன்பது கஜத்துக்குப் பதினெட்டு முழம் வேண்டும்.

என் உடம்புக்கே பதினாறு முழத்தில் மடிசார் வராது. கச்சம் பின்னால் எட்டாது. எட்டினால் முன்னால் கணுக்கால் தெரியும். ச.மா. என்னைவிட இரண்டு மடங்கு. தீபாவளி விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாத்தனார் ஓரகத்தி எல்லாம் நிற்க, இதைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். அப்புறம் கமலா கதி?

இவரை எழுப்பினேன்.

"ரெண்டு முழம்தானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

மிளகு மூட்டையில் கைப்பிடி குறைந்தால் ராத்திரி சோறு இறங்காது இந்த மனுஷனுக்கு. சம்பந்தி புடவையில் இரண்டு முழம் போனால் அட்ஜஸ்டாம். துண்டு வாங்கி ஒட்டுப் போடலாமா என்று வேறு கேட்டார். ஒட்டுப்போட்ட புடவையை யாராவது தலைதீபாவளிக்கு வைத்துக் கொடுப்பார்களா? திதிக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு நானே எழுதி வைப்பது. தள்ளுபடியில் புடவை வாங்கும்போது:
— மடிப்பைக் கடைசி வரை பிரி. பிரிக்க மாட்டேன் என்றால் எழுந்து வா.
— முத்திரையைப் படிக்காதே. உன் கையால் முழம் போடு.
— ஈரக் கைக்குட்டையால் கரையைத் தேய். சாயம் வந்தால் வேண்டாம்.
— அடுக்கில் மேலே இருப்பதை எடுக்காதே. அது எடுப்பதற்கென்றே வைத்தது.
— புருஷனைக் கூட்டிப் போகாதே.

ஆவணி 12, திங்கள்

தூறல். பால்காரன் வரவில்லை.

இவர் தாமே போய் மாற்றி வருகிறேன் என்று புடவையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். போனது புலி மாதிரி. வந்தது? கையில் அதே புடவை. கூடவே கடைப் பெயர் போட்ட ஒரு துணிப்பை, இனாம்.

"கிழிவு சாமானை மாத்த மாட்டாளாம். பில்லிலேயே போட்டிருக்கு. ஆனா கடை முதலாளி நல்ல மனுஷன் கேட்டியா, சாயா வரவழைச்சுக் குடுத்தார்."

சாயா குடித்துவிட்டு வந்திருக்கிறார்! பையை அடுப்பு துடைக்க எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்முக்குட்டியம்மா, "எந்தா மாமி, ஓணம் ஆயிட்டு முகம் இங்ஙனே?" என்றாள். முகம் ஏன் இப்படி என்றால் என்ன சொல்ல? பல்வலி என்றேன்.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று நானே போகிறேன். கூட்டம் அன்றைக்குத்தான் ஜாஸ்தி. அளந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்றுதானே இவர் பயந்தார்? நாலு என்ன, நாற்பது பேர் பார்க்கட்டும்.

ஆவணி 14, புதன், உத்திராடம்

கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

இவர் கிடங்குக்குப் போனதும் கிளம்பினேன். சொல்லவில்லை. பஜாரில் கால் வைக்க இடமில்லை, உத்திராடப் பாய்ச்சல் என்று சும்மாவா சொன்னார்கள். கடைக்குள் புகுந்து, நீளப் பலகையின் மேல் புடவையை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை விரித்தேன். மேலே கிடந்த சட்டைத்துணி எல்லாம் கீழே. கிடக்கட்டும். முழம் போட ஆரம்பித்தேன், சத்தமாக, கோவில் வாசலில் பூக்காரி எண்ணுவது போல.

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு! மீதி ரெண்டு எங்கே?"

முதலாளி எழுந்து வந்து சத்தத்தை அடக்கப் பார்த்தார். "அம்மியாரே, பஹளம் வேண்டா. இது மீட்டர் கணக்காணு."

"ஆகட்டும். உங்க மீட்டர் கோலை எடுங்கோ. நீங்களே அளங்கோ."

எடுக்கவில்லை. நானே எடுத்தேன். ஏழு கோல், மேலே ஒரு சாண் கொஞ்சம். எட்டு மீட்டரும் இல்லை! பழைய எட்டு கஜம் சரக்கு, யாரும் சீந்தாமல் கிடந்தது. அதில் 8 என்று முத்திரை குத்தி மீட்டர் என்று தள்ளியிருக்கிறார்கள்.

"இது எங்க சம்பந்திக்குத் தலைதீபாவளிக்கு எடுத்தது. என் பொண்ணோட வாழ்க்கையாக்கும் இந்த ரெண்டு முழத்துல கெடக்கு. உங்காத்துப் பொண்ணுக்கு இப்படிச் செய்வேளா?"

கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பரிந்துகொண்டு யாரோ, "அம்மியார் பறயுன்னது சரியல்லே?" என்றார்கள். நாலைந்து பெண்கள் தங்கள் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். முதலாளி முகம் சுண்டிவிட்டது. உள்ளே ஆள் அனுப்பி நல்ல ஒன்பது கஜம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு குரல். "மாமி, இதையும் கொஞ்சம் அளந்து பாருங்கோ."

ச.மா.! கையில் பொட்டலம். ஒன்பது கஜத்துக்கு வேறு கடை ஏது, அவளும் இங்கேதானே வந்தாக வேண்டும். எல்லாம் கேட்டிருக்கிறாள். தள்ளுபடியில் எடுத்தது, கத்தினது, சம்பந்திக்கு என்று சொன்னது, எல்லாம். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன். அளந்தேன். பதினாறு.

அதையும் மாற்றிக் கொடுத்தார்கள். முணுமுணுக்காமல்.

படகேறும் போட்ஜெட்டி வரை இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். ஒரே குடை. எறணாகுளம் போட்டுக்கு நிற்கும்போது ச.மா. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கல்யாணத்துல எனக்கு வெச்சுக் குடுத்த புடவையும் இந்தக் கடைதானா?"

"ஆமாம். விஷுக் கிழிவுல இவர்தான் எடுத்தார். நான் பட்சணத்துல இருந்தேன்."

"அதுவும் இதே அளவு. கமலா வீட்டுக்குள்ள கால் வெச்ச கிரகப்பிரவேசத்தன்னிக்குக் கட்டிண்டேன். கச்சம் எட்டலை. எங்காத்து நாத்தனார் எல்லாம் வாயைப் பொத்திண்டு சிரிச்சா. நான் தடிச்சின்னு குத்திக் காட்டத்தான் நீங்க பார்த்துக் குறைச்சு எடுத்தேள்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மாமி?"

"எப்படிக் கேக்கறது? என் உடம்புக்கு உங்க புடவை எட்டலைன்னு நானே என் வாயால சொல்லணுமா?"

போட்டு வந்தது. ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்த்து, "நாளைக்குக் கமலாவை அனுப்பறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும்தான் கணக்கு புரிந்தது. ஆடிக்கு அனுப்பாதது, காப்பி கொடுக்காதது, எல்லாம் இதற்கா? இவர் விஷுவில் மிச்சம் பிடித்தாரே, அதற்கா? யார் மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைக்காரன் திருடன், சரி. இவர் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை? அவள் ஏன் கேட்கவில்லை? எல்லாருக்கும் மானம். ஒருவருக்கு அளக்க மானம், ஒருவருக்குச் சொல்ல மானம்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அட்ஜஸ்ட் என்பார். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஆவணி 15, வியாழன், திருவோணம்

வெயில். அடேயப்பா, நல்ல வெயில்.

முதல் போட்டில் கமலா. மாப்பிள்ளை போட்ஜெட்டியில் விட்டுவிட்டுப் போனார். இளைத்துவிட்டாள். கழுத்தெலும்பு தெரிகிறது. புளிசேரியும் எரிசேரியும் செய்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இவர் பெண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேச்சு. தள்ளுபடிப் பெருமை வேறு.

இவர் எழுந்து போனதும் கமலா மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து என்னம்மா ஆச்சு? மாமியார் கடையிலேர்ந்து வந்து, என் தலையைத் தடவி, நாளைக்கு உங்காத்துக்குப் போய்ட்டு வான்னா. எனக்கு ஒண்ணும் புரியலை."

என்ன சொல்வது? இரண்டு முழம் துணி என்றா? உனக்கு அங்கே எப்படி இருக்கு என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சிண்டிருந்தேம்மா. என்ன தப்புன்னு யாரும் சொல்லலை. அதனால எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை பண்ணிண்டிருந்தேன். பாத்திரத்தைக்கூட."

இவர் உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், மாப்பிள்ளை வேஷ்டியைக் கமலாவிடம் காட்ட வேண்டுமாம், எவ்வளவு மலிவு என்று சொல்ல வேண்டுமாம். வருகிறேன். இன்றைக்கு இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், பெண் எதிரிலேயே.