வார்த்தைக்கு வார்த்தை

உடப்புசல்லாவை, 4.3.1957
எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புது வெள்ளைக்காரத் துரை வந்து ஒன்பது நாள். ஒரு சொல் தமிழ் தெரியாது. அவருக்கு வாயும் காதும் நான்தான். பழைய துரைக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அப்போது ஆபீஸ் கிளாக்கர் என்னை யார் மதித்தார்கள்?

7.3.57
காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் வீரய்யா சொல்கிறான்: "நம்ம கிளாக்கரையாவும் லயத்துல பொறந்தவருதானே, நம்ம கஷ்டம் தெரியும்." பாசமாகச் சொன்னானாம்! நானும் கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவன் என்று கொழுந்துப் பெண்கள் சிரித்தார்கள். சங்கத் தலைவன் என்றால் வாய்க்குப் பூட்டு கிடையாதா?

8.3.57
வீரய்யா ஆபீசுக்கு வந்தான். மழையில் கொழுந்தெடுப்பவர்களுக்குக் கம்பளி கேட்டான். துரை முடியாது என்றார். வீரய்யா கும்பிட்டு, "அப்ப நான் வாறேங்க தொரை" என்று திரும்பினான்.

"என்ன சொன்னான்?" என்றார் துரை.

"வருவேன் என்கிறான், சேர்."

"எங்கே? என் பங்களாவுக்கா?"

சாவு வீட்டில் சொல்லாமல் போவோம். மற்ற எந்த வாசலிலும் 'வாறேன்'தான். இதை விளக்க எனக்கு அரை நிமிடம் போதும். விளக்கவில்லை. துரையின் முகம் வெளிறிப்போயிற்று.

9.3.57
வீரய்யாவை நீக்கியாயிற்று. வேலையை விட்டு அனுப்பும்போது கொடுக்கும் பற்றுச்சீட்டில் 'துரையை மிரட்டியவன்' என்று சிவப்பு மையில் எழுதச் சொன்னார். எழுதியது நான். சீட்டைக் காட்டாவிட்டால் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. காட்டினாலும் இனி இல்லை.

11.3.57
வீரய்யாவின் மனைவி காளியாயி கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். "ஐயா, வாறேன்னா போறேன்னுதானேங்க? அந்த ஒரு வார்த்தைய தொரைக்கு வெளங்க வையுங்க. நாளைக்கு எங்க காம்பராவ பூட்டப் போறாங்க."

பார்ப்போம் என்றேன்.

நான் என்ன பொய்யா சொன்னேன்? அவன் சொன்னதத்தானே சொன்னேன்! யாரு அவன லயத்த இழுக்கச் சொன்னா —

12.3.57
துரையிடம் பேசவில்லை. வீரய்யாவின் லயத்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

2.6.57
கந்தப்பளைப் பக்கம் மூன்று தோட்டங்களில் வீரய்யாவைச் சேர்க்கவில்லையாம். இந்தியாவுக்கே போய்விடப் பெயர் பதிந்திருக்கிறார்கள். காளியாயி பிறந்ததே இந்தத் தோட்டத்தில். அங்கே எந்த ஊருக்குப் போவது என்று அவளுக்கே தெரியாதாம். பாவம்தான். நான் என்ன செய்ய?

19.10.57
துரை தமிழ்ப் பரீட்சைக்குப் படிக்கிறார். இன்று கூப்பிட்டார்.

"'வாறேன்' என்றால் விடைபெறுவதாமே. உனக்கு அன்றைக்கே தெரியுமா?"

"தெரியும், சேர்."

வேலை போயிற்று என்று நின்றேன். அவர் சிரித்தார். "கெட்டிக்காரன். சங்கத்தில் இன்னும் யார் யார்?" என்று ஒரு தாளை நீட்டினார்.

நான்கு பெயர் எழுதிக் கொடுத்தேன். முதலில் சின்னராசா. என் சித்தப்பா மகன்.